ரிசப்ஷனில் நண்பர்கள் கலைநிகழ்ச்சி: 7 பேர், 25 நிமிடம், யோசனை சொல்லுங்கள்

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#1)

எல்லோருக்கும் வணக்கம். கல்லூரியில் நாலு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனுக்குக் கல்யாணம். ஞாயிறு விடியற்காலை முகூர்த்தம், சனிக்கிழமை சாயந்திரம் ரிசப்ஷன், ஐந்து ரோடு பக்கம் ஒரு மண்டபம். மெல்லிசைக் குழு கிடையாது. "அந்தக் காசுக்கு இன்னும் ரெண்டு அயிட்டம் இலையில் போடலாம், நீங்களே ஏதாவது பண்ணுங்கடா" என்று மாப்பிள்ளையின் அப்பா எங்கள் தலையில் கட்டிவிட்டார்.

நாங்கள் ஏழு பேர். இரண்டு பேர் சென்னை, ஒருவன் ஓசூர், மற்றவர்கள் சேலம்தான். இதுவரை யோசித்தது: ஒரு குழு நடனம், ஒருவனுடைய மிமிக்ரி, மாப்பிள்ளையின் பழைய போட்டோக்கள் பெரிய திரையில், அப்புறம் ஒரு நாடகம். மாப்பிள்ளையும் பெண்ணும் முதலில் சந்தித்தது ஏற்காட்டில், அதை அப்படியே நடிக்கிறோம். பனி கொட்டுவதற்கு ஜவ்வரிசி. எங்களில் ஒருவன் வீட்டில் மில் இருக்கிறது, மேலேயிருந்து இரண்டு கிலோ தூவினால் பிரமாதமாக இருக்கும். கடைசியில் எங்கள் ஆள் ஒருவன் சேலை கட்டி, கையில் பொம்மைக் குழந்தையோடு "என்னை மறந்துட்டீங்களா" என்று மேடைக்கு வருவான். அதுதான் உச்சம்.

இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தட்டுவடை செட் (#2)

முதலில் ஜவ்வரிசியை விடுங்கள் சாமி. காய்ந்த ஜவ்வரிசி கிரானைட் தரையில் விழுந்தால் அது பனி இல்லை, சைக்கிள் பேரிங்குக்குள் இருக்கும் குண்டு. லீ பஜாரில் மூட்டை கிழிந்த இடத்தில் ஒரு சுமைகூலி அண்ணன் சறுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன், மூட்டையோடு ஒரு முழுச் சுற்று சுற்றித்தான் நின்றார். உங்கள் மேடையில் பட்டுச்சேலையும் புதுச்செருப்புமாகப் பெண் நிற்கப்போகிறார். மறுநாள் ஏழடி எடுத்து வைக்க அவருக்குக் கால் வேண்டும்.

கொண்டலாம்பட்டி மைக்செட் (#3)

22 வருடமாக மண்டபங்களுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கிறேன். நண்பர்கள் நிகழ்ச்சி பத்தில் ஏழு எங்கே படுக்கிறது தெரியுமா? நடிப்பில் இல்லை, மைக்கில்.

ஏழு பேர் நாடகம் போடுவார்கள், மண்டபத்தில் இருப்பது இரண்டு கையடக்க மைக். ஒருவன் பேசி முடித்து அடுத்தவனிடம் நீட்டுவதற்குள் சிரிப்பு செத்துவிடும். வாங்கினவன் அதை மார்புக்கு நேராகப் பிடிப்பான். சத்தம் வரவில்லை என்று பின்வரிசையில் கை காட்டுவார்கள், நான் ஒலியை ஏற்றுவேன், அவன் அதே நேரம் ஸ்பீக்கருக்கு முன்னால் போய் நிற்பான், கீ...ங் என்று அலறும். ஸ்பீக்கரில் வரும் சத்தத்தையே மைக் திரும்ப வாங்கி, அது திரும்ப ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றுவதால் வருவது அது. ஆனால் திட்டு வாங்குவது நான். காலர் மைக் கேட்பார்கள். மண்டபத்து இரைச்சலில் அது வாய்க்கு நாலு விரல் தள்ளியிருக்கும் கைமைக்கை விட மோசம், தூரத்திலிருந்து இழுக்க ஒலியை இன்னும் ஏற்ற வேண்டும், சீக்கிரம் அலறும்.

என் பேச்சைக் கேட்டால் இப்படிச் செய்யுங்கள். கதை சொல்ல இரண்டு பேர், ஆளுக்கொரு மைக், மேடையின் ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் நிற்கட்டும். மற்ற ஐந்து பேரும் வாயே திறக்காமல் உடம்பால் நடிக்கட்டும். வில்லுப்பாட்டில் ஒருவர் சொல்ல மற்றவர் ஆமா போடுவாரே, அந்தக் கணக்குத்தான். கல்யாண மண்டபம் முழுக்க எதிரொலி. வேகமாகப் பேசினால் நாலாவது வரிசைக்கு வெறும் கூழ்தான் போய்ச் சேரும். நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள்.

பாட்டையெல்லாம் பென்டிரைவில் 01, 02 என்று எண் போட்டுக் கொண்டுவாருங்கள். போனிலிருந்து போடுகிறேன் என்று நிற்காதீர்கள். ஒரு தடவை உருக்கமான காட்சியில் சிலிண்டர் புக்கிங் கால் வந்து மண்டபம் முழுக்கக் கேட்டது.

பந்தி முதல்வரிசை (#4)

எத்தனை மணிக்கு என்று யாருமே கேட்கவில்லையே. எல்லாம் அதில்தான் இருக்கிறது.

பத்திரிகையில் 6 மணிக்கு மேல் என்று இருக்கும். பெண்ணின் மேக்கப் முடிய 7 ஆகும். 7.15க்கு ஜோடி மேடை ஏறியதும் மொய்க்கவரோடு வரிசை நிற்கும், அது 9 வரை குறையாது. அந்த வரிசையை நிறுத்திவிட்டு 25 நிமிடம் ஆடினால், ஊருக்குக் கடைசி பஸ் பிடிக்க வேண்டியவர் உங்கள் குலத்தையே சபிப்பார். சரி, 9க்கு மேல் வைக்கலாம் என்றால், 4 மணிக்கு எழ வேண்டிய பெரியவர்கள் எல்லாம் ரூமுக்குப் போயிருப்பார்கள், மீதி பேர் கீழே பந்தியில். காலி நாற்காலிக்கு முன்னால் மிமிக்ரி செய்து பார்த்திருக்கிறீர்களா? நான் செய்திருக்கிறேன். விஜயகாந்த் குரலுக்கு ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது. அதுவும் என் அக்கா பையன்.

6.30 முதல் 7 வரை மண்டபம் சும்மா உட்கார்ந்திருக்கும். சூப் குடித்து முடித்து, சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரித்து முடித்து, காலி மேடையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பிடியுங்கள்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#5)

பேரிங் சமாச்சாரம் புரிந்தது, ஜவ்வரிசி ரத்து. மைக் ஆலோசனைக்கு நன்றி அண்ணா. ஆனால் 6.30க்கு மாப்பிள்ளை பெண்ணே இருக்க மாட்டார்களே. அவர்கள் பார்க்காமல் யாருக்கு நடத்துவது?

மலைப்பாதை20 (#6)

ஏற்காடு என்றதும் எட்டிப் பார்த்தேன். எங்கள் நண்பன் மலையிலேயே ரிசப்ஷன் வைத்தான், ஒரு புல்வெளியில், திறந்த மேடை. நடனம் ஆட வேண்டிய ஆறு பேர் அன்று மத்தியானம்தான் அடிவாரத்தில் சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறினார்கள். 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்பதாவதில் ஒருவன், பதினாலாவதில் இரண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு ஜன்னலோரம் போய்விட்டார்கள். மேடைக்கு வந்தது மூன்று பேர், அதில் ஒருவனுக்கு நடுவில் நிற்பவன் என்ன ஆடுவான் என்று மட்டும்தான் தெரியும்.

5000 அடிக்குக் கொஞ்சம் குறைவுதான் உயரம், ஆனால் சாயந்திரம் பனி இறங்கிவிட்டால் பலகை முழுக்க ஈரம். புகை வருவதற்கு வாடகைக்கு எடுத்த மெஷினை யாரும் தொடவே இல்லை, பனியே வந்து ஜோடியை மறைத்துவிட்டது. போட்டோகிராபர்தான் அழுதார். நீங்கள் கீழேயே நடத்துவதற்குக் கொடுத்து வைத்தவர்கள்.

ஆத்தூர்ப் பொண்ணு (#7)

#1ஐ இரண்டு தடவை படித்தேன். மாப்பிள்ளையின் போட்டோ, மாப்பிள்ளையின் கதை, மாப்பிள்ளைக்குப் பழைய சம்சாரம் என்று ஒரு பொம்மை. மேடையில் இன்னொருத்தியும் உட்கார்ந்திருப்பாள், அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

என் ரிசப்ஷனிலும் இதே பொம்மை வந்தது. கழுத்தில் இரண்டு கிலோ மாலை, முகத்துக்கு நேராக வீடியோ விளக்கு. சிரித்தால் "பாரு, இவளுக்கு ரோஷமே இல்லை" என்பார்கள். முறைத்தால் "இப்பவே இப்படியா" என்பார்கள். நான் கைக்குட்டையால் மூக்கைத் துடைப்பது மாதிரி ஐந்து நிமிடம் ஓட்டினேன். ஆல்பத்தில் அந்தப் பக்கம் முழுக்க நான் ஜலதோஷம் பிடித்தவள் மாதிரி இருக்கிறேன்.

இன்னொன்று. முதல் சந்திப்பு ஏற்காட்டில் என்கிறீர்கள். பத்திரிகையில் என்ன போட்டிருக்கிறது?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#8)

"பெரியோர்களால் நிச்சயிக்கப்பட்டபடி".

பெண்ணின் அப்பா அம்மாவுக்கு விஷயம் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரியாது என்று இப்போதுதான் உறைக்கிறது. ஆனால் பொம்மையை விட மனசில்லை. இதே அயிட்டத்தை இதற்கு முன் இரண்டு கல்யாணத்தில் செய்திருக்கிறோம், மண்டபமே உருண்டது.

பொம்மையோடு வந்தவன் (#9)

இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். ஆறு வருடத்துக்கு முன் சேலை கட்டிக்கொண்டு பொம்மையோடு நடந்தவன் நான்தான். ஊர் வேண்டாம், நாமக்கல் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மண்டபம் உருண்டது உண்மை. மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளையின் ஆயா இருந்தார். கண் சரியாகத் தெரியாது, காதும் அரைதான். பெண்பிள்ளை ஒன்று குழந்தையோடு அழுதுகொண்டே போகிறது, எல்லோரும் சிரிக்கிறார்கள். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் மேடையிலிருந்து இறங்கி விக்கைக் கழற்றிவிட்டுக் கை கழுவப் போனேன். ஆயா அங்கே தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு. என் சேலையைப் பார்த்ததும் கையைப் பிடித்து இழுத்தார். மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, மடித்து மடித்து வைத்திருந்த ஒரு நூறு ரூபாயை என் கையில் வைத்து, "புள்ளைக்குப் பால் வாங்கிக் கொடு கண்ணு, நான் அவன்கிட்ட பேசறேன்" என்றார்.

நான் ஆம்பளை என்று புரிய வைக்கவே பத்து நிமிடம் ஆனது. அப்புறமும் அவர் முழுசாக நம்பினாரா தெரியவில்லை. அந்த நூறு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன், வாங்கவே இல்லை.

உங்கள் இஷ்டம். நான் அதற்கப்புறம் கட்டவில்லை.

தட்டுவடை செட் (#10)

காலையில் டீக்கடையில் நின்று இதைப் படித்தேன். டீ ஆறிவிட்டது.

குகைவாசி (#11)

வயசானவன் ஒருவன் நடுவில் பேசுவதை மன்னிக்கவும். எங்கள் பக்கம் ஆடி மாதம் வண்டி வேடிக்கை. வண்டியில் சாமி வேஷம் கட்டி ஊர்வலம் வருவோம். 14 வயதில் நாரதர் வேஷம் போட ஆரம்பித்தேன். ஒப்பனை போட்டுவிட்ட பெரியவர் முதல் நாளே சொன்னார்: "டேய், தெருவோரம் நிக்கிறவனுக்கு உன் கண்ணு தெரியாது, கைதான் தெரியும்." முகத்தை அஷ்டகோணல் ஆக்காதே, கையைத் தூக்கு, திரும்பு, அசையாமல் நில். மைக்செட் தம்பி சொல்கிற மாதிரி வாய் திறக்காமல் நடிப்பதென்றால் இதை நினைவில் வையுங்கள். சின்ன அசைவு மேடையில் செல்லாது.

ஏற்காட்டுக் காதல் கதை வேண்டாம். அதே ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் முகப்பு வளைவு நிற்கிறதே, அங்கே போங்கள். டி.ஆர். சுந்தரம் 1935ல் ஆரம்பித்த கம்பெனி. நூறு படத்துக்கு மேல் இந்த ஊரில் எடுத்தார்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' 1938ல் இவர்கள் தயாரித்தது. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம், 1956ல் வந்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்', அதுவும் இவர்கள்தான். உங்கள் மண்டபத்தில் எழுபது வயசுக்கு மேல் இருக்கிற சேலத்துக்காரர் யாரைக் கேட்டாலும் அந்த ஸ்டுடியோ பற்றி ஒரு கதை வைத்திருப்பார்.

படப்பிடிப்பு மாதிரி நாடகம் போடுங்கள். கடுகடு இயக்குநர் ஒருவர், கிளாப் பலகை, அடிக்கடி 'கட்'. என்ன காட்சி என்பது உங்கள் சாமர்த்தியம், ஆனால் எல்லோருக்கும் தெரிந்த சம்பவமாக எடுங்கள்.

ஆத்தூர்ப் பொண்ணு (#12)

பெண் பார்க்க வந்த நாள்! இரண்டு வீட்டுப் பெரியவர்களும் அன்று கூடத்தில் இருந்தவர்கள்தானே. ரகசியம் எதுவும் இல்லை. ஆனால் முதலில் அந்தப் பெண்ணிடம் பேசுங்கள் தம்பி.

அழகாபுரம் ராக்கெட் (#13)

இப்படி எல்லாவற்றையும் வடிகட்டினால் மிஞ்சுவது பள்ளிக்கூட ஆண்டு விழா. மாப்பிள்ளையைக் கலாய்க்கத்தானே நண்பர்கள்? பெரியப்பா, ஆயா, ஒன்றுவிட்ட மாமா எல்லோரிடமும் அனுமதி வாங்கி நகைச்சுவை செய்ய முடியாது. பேசாமல் நாதஸ்வரம் வைத்துவிடலாம்.

ஆத்தூர்ப் பொண்ணு (#14)

கலாய்க்க வேண்டாம் என்று யார் சொன்னது? நன்றாகக் கலாய்க்கட்டும். கலாய்க்கப்படுபவனுக்குத் திருப்பிப் பதில் சொல்ல வாயிருக்கிறது. பக்கத்தில் இருப்பவளுக்கு அன்றைக்கு வாயில்லை. அதனால்தான் முன்னாலேயே கேட்கச் சொல்கிறேன்.

அழகாபுரம் ராக்கெட் (#15)

சரி, அது நியாயம். நாதஸ்வரத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#16)

நேற்று ராத்திரி பெண்ணுக்குப் போன் போட்டேன். "இப்பவாவது கேட்டீங்களே அண்ணா" என்றுதான் ஆரம்பித்தார். அரை மணி நேரம் பேசினார். பொம்மை கூடாது. கல்லூரிப் போட்டோவில் மூன்றைத் தூக்கிவிட்டார் (ஒன்றில் நானும் கேவலமாக இருந்தேன், சந்தோஷம்). ஏற்காடு சந்திப்பைப் பற்றி மூச்சு விடக்கூடாது.

அப்புறம் அவரே ஒன்று கொடுத்தார் பாருங்கள். பெண் பார்க்கப் போன அன்று நம்ம ஆள் பதற்றத்தில், பஜ்ஜியோடு அடியில் ஒட்டியிருந்த டிஷ்யூ பேப்பரையும் சேர்த்து மென்று விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குங்க அத்தை" என்றானாம். கூடத்தில் இருந்த பதினாலு பேரும் பார்த்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. எட்டு மாதமாக இரண்டு குடும்பமும் இதை அவரவர் வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறது. நண்பர்கள் எங்களிடம் மட்டும் இவன் மறைத்திருக்கிறான்!

நாடகம் முடிவாகிவிட்டது. பஜ்ஜிக் காட்சி, மூன்று டேக். முதல் டேக் 1950 மாதிரி செந்தமிழ் வசனம், இரண்டாவது எண்பதுகள், மூன்றாவது இன்றைய இன்ஸ்டா ரீல். பெண்ணின் தோழிகள் மூன்று பேரும் சேர்கிறார்கள். இப்போது மொத்தம் பத்து.

கொண்டலாம்பட்டி மைக்செட் (#17)

பத்துப் பேரா? மைக் அதே இரண்டுதான், சொல்லிவிட்டேன்.

ஒத்திகையை மொட்டைமாடியில் ஸ்பீக்கர் வைத்து நடத்தாதீர்கள். ராத்திரி 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது, 2000ல் வந்த ஒலி மாசு விதி. மூடின மண்டபத்துக்கு உள்ளே வேறு கணக்கு, ஆனால் மண்டபக்காரர் அந்தக் கணக்கெல்லாம் பார்க்க மாட்டார், பத்தடித்தால் பியூஸில் கை வைப்பார்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடிக்கக் கொஞ்சம் நேரம் ஆகும். அந்த இருட்டில் சொல்ல ஒரு ஜோக் கைவசம் இருக்கட்டும். மைக் இல்லாமல் கத்திச் சொல்லக்கூடியதாக.

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#18)

முடிந்தது. இன்று திங்கள், குரல் இன்னும் திரும்பவில்லை.

நேரத்தை இரண்டாக உடைத்தோம். 6.35க்கு மிமிக்ரியும் நடனமும், ஜோடி வருவதற்கு முன்னால், சும்மா மண்டபத்தைச் சூடாக்க. நடனம் சுமார். ஓசூர்க்காரன் இடதுபக்கம் போக வேண்டிய இடத்தில் எல்லாம் வலது போனான், கடைசியில் நாங்களே அவன் பக்கம் மாறிவிட்டோம். ஜோடி மேடை ஏறி உட்கார்ந்ததும், வரிசை சேருவதற்குள், 7.20க்கு நாடகம். மொய்க்கவரோடு வந்தவர்களை முன்வரிசையிலேயே உட்கார வைத்தோம். அவர்களும் முகம் சுளிக்கவில்லை.

முதல் டேக்கில் கறுப்பு வெள்ளைக்காக முகத்துக்குப் பவுடரை அப்பி, மையை இழுத்து விட்டிருந்தோம். கதை சொல்கிறவன் மைக்கில், "தாளென்று அறிந்தும் தின்றேன் தேவி, தட்டை நீட்டியது நீயல்லவா!" என்றதும் பெண்ணின் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கைதட்டினார். பெண் சிரித்த சிரிப்பில் நெற்றிச்சுட்டி கழன்று விழுந்தது. மாப்பிள்ளை தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

பனிமலைக் கனவுப் பாட்டு ஒன்று நடுவில் வைத்தோம். ஜவ்வரிசிக்குப் பதில் ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துக் குனிந்து அலைய விட்டார்கள், பனி. குகை ஐயா சொன்ன மாதிரி கையை மட்டும் நம்பினோம்.

இரண்டாவது டேக் ஆரம்பிக்கும்போதுதான் திட்டத்தில் இல்லாதது நடந்தது. பெண்ணின் தாத்தா நாலாவது வரிசையிலிருந்து எழுந்து, கைத்தடியோடு விறுவிறு என்று மேடைப் படிக்கு வந்துவிட்டார். நான் பயந்துபோனேன், ஏதோ தப்பாகிவிட்டது என்று. வந்தவர் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "கூட்டம் எங்கடா? ஷூட்டிங்னா கூட்டம் வேண்டாமா?" என்றார். சின்னப் பையனாக இருக்கும்போது மாடர்ன் தியேட்டர்ஸ் வாசலில் நின்று, ஒரு நாள் உள்ளே கூப்பிட்டுக் கூட்டத்தில் ஓட விட்டார்களாம். இருபது பேரை இருநூறு பேராகக் காட்ட, முன்னால் ஓடி மறைந்ததும் பின்பக்கமாகச் சுற்றி வந்து, துண்டை மாற்றிக் கட்டிக்கொண்டு திரும்ப ஓட வேண்டும். சொன்னதோடு விடவில்லை. எங்கள் பத்துப் பேரையும், முன்வரிசைப் பொடிசுகளையும், மாப்பிள்ளையின் இரண்டு மாமாக்களையும் மேடைக்குப் பின்திரையைச் சுற்றி ஓட விட்டார். "துண்டை மாத்து! துண்டை மாத்து!" என்று மைக்கில் ஒரே அதட்டல். மைக்கை வாய்க்குச் சரியாக நாலு விரல் தள்ளிப் பிடித்திருந்தார், யாரும் சொல்லித் தராமலேயே. ஏற்காடு விஷயம் தெரியாத அந்தப் பெரியப்பா, சட்டைக்கு மேல் கிடந்த துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி மூன்று சுற்று ஓடினார்.

அதோடு 25 நிமிடம் தாண்டிவிட்டது. மூன்றாவது டேக், போட்டோ எல்லாம் போடவே இல்லை. வரிசை வாசல் வரைக்கும் நின்றது.

பொம்மையோடு வந்தவன் (#19)

ஆயா யாராவது இருந்தார்களா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#20)

மாப்பிள்ளையின் ஆயா இருந்தார். பேரன் பேப்பர் தின்றதை இரண்டாவது தடவை சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கேட்டார். அப்புறம் பந்தியில் இலைக்குப் பக்கத்தில் டிஷ்யூ வைக்க வந்த பையனிடம், "இதை அந்தப் பையனுக்கு வையி" என்று மாப்பிள்ளையைக் காட்டினார்.

கொண்டலாம்பட்டி மைக்செட் (#21)

மைக் அலறியதா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#22)

ஒரே ஒரு தடவை. நான் ஸ்பீக்கருக்கு முன்னால் போனபோது. கரண்ட் போகவில்லை, இருட்டு ஜோக் வீண்.

தட்டுவடை செட் (#23)

எல்லாம் சரி, பனிக்குப் பிடித்த வேட்டி யாருடையது? வாடகையா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன் (#24)

அதைக் கேட்காமல் விடுவீர்கள் என்று நினைத்தேன். மணமகன் அறையில் மடித்து வைத்திருந்தது, அவசரத்தில் எடுத்துவிட்டோம். மறுநாள் முகூர்த்தத்துக்கு மாப்பிள்ளையின் அப்பா கட்டுவதற்காக வைத்திருந்த புது எட்டு முழம். ராத்திரி 11 மணிக்கு அறைக் குழாயில் அலசி, மின்விசிறிக்குக் கீழே பிடித்துக் காயவைத்து, நாலு மணிக்கு இஸ்திரி போட்டோம். ஓரத்தில் ரோஸ் பவுடர் மட்டும் போகவில்லை. மணவறையில் அவர் அந்தப் பக்கத்தை உள்மடிப்பாக வைத்துக் கட்டியிருந்தார், எங்களைப் பார்த்தபோது ஒன்றும் சொல்லவில்லை.